ஆறு கன மீட்டர்

அந்தக் கணினியைத் திறந்தபோது
முதலில் வெளியே வந்தது மரத்தூள்.
விசிறியின் இறக்கைகளில், திருகுகளின் தலைப்பள்ளங்களில்,
கை நுழையாத இடுக்குகளில்.
லெங்கா மரம். பதினைந்து வருடம் கழித்தும்
லேசாக வாசம் வைத்திருந்தது.

"விறகுக் கடையில் கிடந்தது" என்றார் தொன் பெலார்மினோ,
மன்னிப்புக் கேட்பவர் போல.
தொப்பியைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.
கொயாய்கேயில் ஜூலை மாதம்; வெளியே
எல்லாப் புகைபோக்கிகளும்
இருக்கிற ஒரு வானத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன.
"கணக்கு வேண்டும். பழைய கணக்கு. வருமா?"

வரும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.
பார்க்கலாம் என்பேன்.

வன்தட்டு டிக் என்றது. நின்றது. மறுபடி டிக்.
படிக்கும் முனை தன் இடத்தைத் தேடிப் போய்
கிடைக்காமல் வாசலுக்கே திரும்பும் சத்தம்.
ஐஸ் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று
மருமகன் சொன்னானாம். ஒரு ராத்திரி முழுக்க
கோழிக்கறிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. துடைத்தேன். காயவிட்டேன்.
அதே மாடலில் செத்துக்கிடந்த வேறொன்றின்
பச்சைப் பலகையைக் கழற்றி இதற்கு மாட்டினேன்,
நகம் அளவு சில்லு ஒன்றை மட்டும்
பழையதிலிருந்து பெயர்த்து வைத்து.

நான்கு நாள் ஓடியது.
கொடுக்கிற இடத்தில் முதலில் வாங்கு,
முரண்டு பிடிக்கும் இடத்தை விட்டுவிடு,
ஊரைச் சுற்றிவந்து மறுபடி கதவைத் தட்டு.
வசூலுக்குப் போகிறவன் முறைதான் இதற்கும்.
திரையில் பச்சைக் கட்டங்கள் நிரம்பின,
நடுநடுவே பல் விழுந்த கறுப்பு.

ஐந்தாம் நாள் விடிகிற நேரம் அட்டவணை வந்தது.
தேதி, பெயர், கன மீட்டர், பாக்கி.
சில வரிகளில் பெயர் இருந்தது, தொகை இல்லை.
சிலவற்றில் தொகை மட்டும், அனாதையாக.
2007, ஜூன் 19.
எதெல்மிரா ஓயார்சோ. ஆறு. பாக்கி.

என் அம்மா.

எனக்கு அப்போது ஒன்பது வயது.
நகராட்சி கொடுத்தது என்றாள் அம்மா; நம்பினேன்.
அந்தக் குளிர்காலம் ஜன்னலின் உட்புறம் உறையவேயில்லை.
கோட்டு போடாமல் வீட்டுப்பாடம் எழுதினேன்.
அடுப்பின்மேல் ஆரஞ்சுத் தோல் கருகிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு வரி.
கெட்டுப்போன பகுதி என்று சொன்னால் முடிந்தது.
ஏற்கெனவே முந்நூறு வரி அப்படித்தான் போயிருக்கிறது,
முந்நூற்று ஒன்று என்றால் யார் எண்ணப்போகிறார்கள்?
விரல் அந்த விசையின்மேல்தான் இருந்தது.
நான் நல்லவள் என்பதால் விரலை எடுக்கவில்லை.
தொலைபேசி அடித்தது. போனேன்.
திரும்பியபோது அவர் உள்ளே வந்து நின்றிருந்தார்.

பெயர்கள் பக்கம் அவர் பார்க்கவேயில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
தேதிகளின்மேல் மட்டும் தடித்த விரலை வைத்து
கீழே கீழே இறங்கினார்.
"ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்கிறார்கள்,
அந்த ஆறு வருடம் நீ வேலை பார்த்தாயா என்று.
ஊர் முழுக்கப் புகைந்ததே, அது போதாதாம்."
தேதிகளை அச்சிட்டுக் கொடுத்தேன். பதினொரு பக்கம்.
"மற்றதை அழித்துவிடு."

அழிப்பது என்றால் என்ன என்று அவரிடம் சொல்லவில்லை.
'இடம் காலி' என்று வெளியே ஒரு பலகை மாட்டுவோம்,
அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்
இருந்தபடியே இருப்பார்,
வேறு யாராவது குடிவரும்வரை.

"எவ்வளவு?"
"ஒன்றும் வேண்டாம்" என்றேன்.
முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.
"எனக்குக் கடன் கொடுத்துத்தான் பழக்கம், மகளே.
வாங்கிப் பழக்கமில்லை."
நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்,
விறகு அடுக்குகிறவர் போல விளிம்பு பார்த்து.
மீதி ஆயிரம் பெசோ கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

இரவு அம்மாவைக் கூப்பிட்டேன்.
முழங்கால் வலி, பூனை, ரொட்டி விலை எல்லாம் பேசி முடித்து,
"அந்த வருஷம் நமக்கு விறகு யார் கொடுத்தது?" என்றேன்.

எந்த வருஷம் என்று அவள் கேட்கவில்லை.
மறுமுனையில் அடுப்பில் ஏதோ படபடத்து வெடித்தது.

"நகராட்சி" என்றாள்.